வாலாஜாபேட்டை ஹெரால்டு: விண்டேஜ் பதிவா, சாதாரணப் புதுப்பிப்பா?

2024 பொங்கல் முடிந்த வாரம், வாலாஜாபேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். பையை என் மேசைமேல் கவிழ்த்தார். துணி அட்டை போட்ட ஆர்.சி. புத்தகம், ரப்பர் பேண்டு சுற்றிய இன்சூரன்ஸ் தாள்கள், அவருடைய அப்பாவின் இறப்புச் சான்றிதழ், கடைசியாக ஒரு சாவி.

"தம்பி, இந்த வண்டிய விண்டேஜ்னு பதிவு பண்ணித் தரணும். பேரன் சொல்றான், இல்லன்னா ஸ்கிராப்புக்குப் போயிடுமாம்."

வண்டி பேப்பர் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். டிராக்டர், லாரி, ஷேர் ஆட்டோ எல்லாம் கை பழகினது. விண்டேஜ் என்று கேட்கக்கூடிய, ஐம்பது வயது தாண்டிய கார் எப்போதாவதுதான் வரும். வந்தால் காரைவிட பேப்பர்தான் அதிகம் துருப்பிடித்திருக்கும். இந்த வண்டியிலும் அப்படித்தான். ஆனால் நான் சறுக்கியது வேறு இடத்தில். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

வண்டி, 1966-ல் பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இன்றைய பிள்ளைகளுக்கு அம்பாசடர் தெரியும், ஃபியட் தெரியும். மூன்றாவதாக ஓடிய இந்த மெட்ராஸ்காரனை மறந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையை ஒட்டிய வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்தது. 948 சி.சி. இன்ஜின், இரண்டு கதவு. வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. பானட்டைத் திறந்தால் மட்கார்டு, முன்விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். முன் சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். அந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்கு இதன்மேல் தனிப் பாசம் இருந்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். இன்னொன்று, பாடியும் அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸும் தனித்தனி. போல்ட்டைக் கழற்றினால் பாடி தனியாக வந்துவிடும். இதை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதலில் பயத்தைத் தெளிவித்தது

பேரன் சொன்ன ஸ்கிராப் கதை டெல்லிக் கதை. பத்து வருடம் தாண்டிய டீசல், பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கான தடை, பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் டெல்லி வட்டாரத்துக்குப் போட்டது. 2023 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருடமான அரசாங்க வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை. அது அரசாங்கத்தின் வண்டி. தனியார் காருக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: முதல் பதிவு பதினைந்து வருடம் செல்லும், அப்புறம் பரிசோதனையில் தேறினால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். எத்தனை முறை என்று வரம்பு கிடையாது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் கட்ட வேண்டும். வண்டி ஓடத் தகுதியாக இருக்கும்வரை ஓட்டலாம்.

ஆசிரியர் மூச்சு விட்டார். ஆனால் விண்டேஜ் ஆசை விடவில்லை. "அப்பா வண்டிக்கு ஒரு மரியாதை வேணும் இல்ல?" என்றார். சரி, பார்ப்போம் என்று ஆர்.சி. புத்தகத்தை எடுத்தேன்.

அந்தப் புத்தகத்தைப் படிக்கவே அரை மணி நேரம் ஆனது. முதல் பக்கத்தில் மதராஸ் மாநிலம், வட ஆற்காடு என்று முத்திரை; 1969-ல்தான் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது. எண்ணும் எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மதராஸ் எண். நடுப் பக்கங்களில் ஊதா மையில் தமிழ்நாடு, வட ஆற்காடு. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தபின் போட்ட முத்திரையில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அதற்கும் பின்னால், ஒட்டுத்தாள் வைத்துத் தைத்த பக்கத்தில் வேலூர். 2019-ல் வேலூரை மூன்றாகப் பிரித்ததில் வாலாஜாபேட்டை ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது. வண்டி அதே தெருவில் அதே கொட்டகையில் நின்றபடி நாலு முத்திரை பார்த்திருக்கிறது. அஞ்சாவதை நாங்கள்தான் வாங்க வேண்டும்.

மாவட்டம் பிரிந்ததால் வந்த நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு. இணையத்தில் எண்ணைத் தட்டினால் வண்டியே இல்லை என்றது. பழைய எண்கள் எல்லாம் வாகன் என்ற அரசின் இணையப் பதிவேட்டுக்குள் தானாக வந்துவிடவில்லை. பதிவேட்டைப் பார்த்து கையால் ஏற்ற வேண்டும். பேக்லாக் என்ட்ரி என்பார்கள். பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் மூன்று வாரம், இரண்டு அலுவலகம், நாலு நடை. இதில் யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அறுபது வருடப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துத் தந்த எழுத்தர், பக்கத்தைத் திறந்ததும் "நல்ல கையெழுத்து சார்" என்றார். உண்மையிலேயே நல்ல கையெழுத்து.

பெயர்

உரிமையாளர் 2021-ல் காலமானார். விதிப்படி வாரிசு முப்பது நாளுக்குள் அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். யாரும் செய்யவில்லை. பதிவுக் காலம் 2022 மே மாதத்தோடு முடிந்தது. அதையும் யாரும் கவனிக்கவில்லை. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் நிலப் பட்டாவை நினைப்பார்கள், வங்கிக் கணக்கை நினைப்பார்கள். கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடின வண்டியை யார் நினைப்பார்?

வாரிசுச் சான்றிதழில் நாலு பேர்: பாட்டியம்மா, ஆசிரியர், இரண்டு தங்கைகள். மற்ற மூவரும் ஆட்சேபனை இல்லை என்று நோட்டரி முன் கையெழுத்துப் போட வேண்டும். மூத்த தங்கை குடியாத்தத்தில். அடுத்த நாளே வந்துவிட்டார். இளையவர் பெங்களூரில். அவர் கையெழுத்துக்கு முன் போனில் ஒன்று கேட்டார்: "அண்ணா, வண்டிய விக்க மாட்டியே?" ஆசிரியர் பதில் சொல்லாமல் போனை என்னிடம் நீட்டினார். நான் என்ன சொல்ல? "அம்மா உட்கார்ற முன் சீட்டு இன்னும் அப்படியேதான் இருக்கும்மா" என்றேன். வந்து போட்டார்.

மண்ணெண்ணெயும் பென்சிலும்

எந்த வழியில் போனாலும் சேஸிஸ் எண்ணுக்குப் பென்சில் பிரிண்ட் வேண்டும். வண்டியை நேரில் பார்க்காமல் பேப்பர் எழுதுவதில்லை என்பது என் பழக்கம். ஆற்காட்டிலிருந்து மெக்கானிக் பாயை அழைத்துக்கொண்டு போனேன். எழுபது வயது இருக்கும். இந்த வட்டாரத்தில் ஹெரால்டுக்குக் கை வைத்தவர்களில் மிஞ்சியிருப்பவர்.

சேஸிஸ் எண் தகடு, டாஷ்போர்டுக்கு அந்தப் பக்கம் இன்ஜின் அறைச் சுவரில் ரிவிட் அடித்திருந்தது. அதன்மேல் இரண்டு கோட்டு பெயின்ட். பாய் தின்னர் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தார். நான் மெல்லிய தாளை வைத்து செல்லோ டேப் ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். எழுத்துகள் வெள்ளையாக, பின்னணி கறுப்பாக எழும்பி வந்தன. ஆர்.சி.யோடு பொருந்தியது. ஆசிரியர் கைதட்டினார்.

"இன்ஜினையும் பாத்துடலாமே பாய்" என்றேன். பாய் பேசவில்லை. மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை முக்கி, பிளாக்கின் இடது பக்கம் கறுத்துக் கட்டியாகிப் போயிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினார். ஐந்து நிமிடம் கழித்து எண் தெரிந்தது. ஆர்.சி.யில் இருந்த எண் அது இல்லை. ஓரிரு இலக்கம் மாறியிருந்தால் எழுத்துப் பிழை என்று வாதாடலாம். முழு எண்ணே வேறு.

"நான்தான் மாத்தினேன்" என்றார் பாய், தலையைத் தூக்காமல். "எண்பத்திநாலுல. பள்ளிகொண்டா பக்கம் ரேடியேட்டர்ல தண்ணி இல்லாம ஓட்டி, பிளாக்கே வெடிச்சுப்போச்சு. பெரியவரு ஜோலார்பேட்டைல ஒரு ஹெரால்டை உடைக்கிற ரேட்டுக்கு முழுசா வாங்கிட்டு வந்தாரு. அதுலேர்ந்து எடுத்துப் போட்டது."

சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி இன்ஜினை மாற்றினால் பதினாலு நாளுக்குள் அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இங்கே பதினாலு நாள் நாற்பது வருடமாகியிருக்கிறது. இடையில் எத்தனை பரிசோதனை! பிசுக்கு அவ்வளவு விசுவாசமாகக் காப்பாற்றியிருக்கிறது.

நான் சறுக்கியது இங்கேதான். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே, அவர் ஆசைக்கு இணங்கி, விண்டேஜ் விண்ணப்பத்துக்கு வேண்டிய படிவம் 20-ஐ எழுதி வைத்திருந்தேன், ஆர்.சி.யில் இருந்த பழைய இன்ஜின் எண்ணோடு. அப்படியே போயிருந்தால் பொய்த் தகவல் கொடுத்த கணக்கில் சேர்ந்திருக்கும். தாளை அங்கேயே கிழித்தேன்.

விண்டேஜ் விதி என்ன கேட்கிறது

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில்தான் விண்டேஜ் வண்டிக்கென்று தனி விதிகள் வந்தன. இரு சக்கர, நாலு சக்கர வண்டி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும். மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் படிவம் 20, இன்சூரன்ஸ், ஏற்கெனவே பதிவான வண்டியென்றால் பழைய ஆர்.சி. மாநிலக் குழு ஒன்று வண்டியைப் பார்த்து ஒப்புக்கொண்டால் அறுபது நாளுக்குள் பதிவுச் சான்று. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருடம் செல்லும்.

பேரன் பயந்த இன்னொரு விஷயம், எம்.எஸ். எண் போய் வி.ஏ. என்று புது எண் வந்துவிடுமோ என்பது. வராது. வி.ஏ. வரிசை முதல் தடவை பதிவாகிறவற்றுக்கு; பழைய எண் உள்ள வண்டி அதையே வைத்துக்கொள்ளலாம்.

காசுக் கணக்கிலும் விண்டேஜுக்குச் சில லாபம் உண்டு. அன்றைக்குச் சாதாரணப் புதுப்பிப்புக்கு 5,000 ரூபாய், அதுவும் ஐந்து வருடத்துக்குத்தான். விண்டேஜ் என்று பதிவான காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி, 1,000 சி.சி.க்குக் கீழே உள்ள காருக்கு அது 2,094 ரூபாய் என்பதால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ஆக்கிவிட்டார்கள். இன்று கணக்கு இன்னும் சாய்ந்திருக்கிறது.

இடிக்கிற இடம் இரண்டு. ஒன்று இன்ஜின். அதே மாடலின் அதே ரக இன்ஜின்தானே, இது மாற்றமா, பழுது பார்த்ததா என்று வாதாட இடம் இருக்கிறது. எனக்குக் கேட்டால் பழுது பார்த்ததுதான். ஆனால் குழு முன்னால் போய் நின்று, பாடியைக்கூட எப்போதாவது கழற்றினீர்களா என்று கேட்டால்? ஹெரால்டில் அதுவும் சந்தேகத்துக்கு உரிய கேள்விதான். பாயிடம் கேட்டேன். "ஒரு தடவ" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

இரண்டாவதுதான் பெரியது. விண்டேஜ் பதிவான வண்டியை நினைத்தபோது ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆராய்ச்சி, அவற்றுக்குப் போய்வருவது, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது. அவ்வளவுதான். அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. கல்யாண போட்டோ ஷூட்டுக்கு வாடகைக்கு விடலாம் என்று மருமகன் ஒரு யோசனை வைத்திருந்தார். அது சொந்த உபயோகப் பதிவிலும் முடியாது என்றதும் முகம் வாடிவிட்டது.

ஆசிரியரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. "சார், வண்டி ரெடியானா முதல்ல எங்க போவீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் திண்ணையிலிருந்து பாட்டியம்மா சொல்லிவிட்டார். "கிருத்திகைக்கு ரத்தினகிரி. அவரு இருந்தவரைக்கும் மாசாமாசம் அதுலதான் போவோம்."

ரத்தினகிரி முருகன் எந்தக் கண்காட்சியிலும் சேர்த்தி இல்லை. விண்டேஜ் என்பது மரியாதைப் பட்டம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம். சட்டத்தின் பார்வையில் அது வண்டியை ரோட்டிலிருந்து மேடைக்கு மாற்றும் ஏற்பாடு. பத்து கார் வைத்துச் சேகரிக்கிறவருக்கு அது பொருந்தும். ஒரே காரில் மாதம் ஒருமுறை அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போகிறவருக்கு அது பூட்டு. சாதாரணப் புதுப்பிப்பு என்று முடிவானது. ஆசிரியருக்கு அரை மனசுதான். பாட்டியம்மாவுக்கு முழு மனசு.

தகரப் பெட்டி

இனி இன்ஜினுக்கு ஆதாரம். எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத இன்ஜினை எந்த அலுவலகமும் ஆர்.சி.யில் ஏற்றாது, திருட்டு வண்டியின் இன்ஜினாக இருக்கலாமே. பில் இருக்கிறதா என்றால் 1984-ல் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறென்ன இருக்கும்? பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார்கள். பெரியவர் கணக்கு எழுதும் ஆள் போலிருக்கிறது. பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், விலை என்று முப்பது வருட நோட்டு. அவற்றுக்கு அடியில், செய்தித்தாளில் மடித்து, இன்னொரு ஆர்.சி. புத்தகம். ஜோலார்பேட்டை வண்டியின் ஆர்.சி. அதில் இருந்த இன்ஜின் எண்ணும், என் பென்சில் தாளில் இருந்த எண்ணும் ஒன்று. கூடவே விற்றவர் கையெழுத்துப் போட்ட ரசீது.

இவ்வளவு சுத்தமான ஆதாரம் எனக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை. வண்டியை உடைப்பதற்கு வாங்கினாலும் பேப்பரை வாங்கி வைக்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் அதைக் கொண்டுபோய் அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை!

மார்ச்சில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டோம்: படிவம் 31, புதுப்பிப்புக்குப் படிவம் 25, இன்ஜின் மாற்றத்துக்கு விளக்கக் கடிதம், இரண்டு ஆர்.சி., ரசீது. தாமதக் கட்டணம் மாதத்துக்கு 500 வீதம் 22 மாதத்துக்கு 11,000 ரூபாய். புதுப்பிப்புக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பதிவு முடிவதற்கு அறுபது நாள் முன்பே விண்ணப்பிக்கலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. இந்தத் தொகையைக் கட்டும்போது அந்த விதியைக் கேட்க யாருக்கும் இனிப்பதில்லை.

புகைச் சான்றிதழில் ஒரு தடவை தோற்றோம். இந்த வயது பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு மூன்று சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு நாலைத் தாண்டியது. பாய் சோலெக்ஸ் கார்புரேட்டரைத் திறந்து ஜெட்டை ஊதி, ஸ்க்ரூவைக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று காதாலேயே டியூன் செய்தார். மறுபடி போனபோது இரண்டரைக்குக் கீழே. முன் சக்கரம் திரும்புகிற மூட்டான டிரன்னியனுக்குக் கிரீஸ் போட்டுவைத்திருந்தார்கள். அதைக் கழுவிவிட்டு கியர் ஆயில் போட்டார். அந்த இடத்துக்கு எண்ணெய்தான், கிரீஸ் போட்டால் ஒருநாள் சக்கரம் தனியாகப் போகும் என்பது ஹெரால்டு வைத்திருந்தவர்கள் அறிந்த பாடம்.

பரிசோதனை நாளன்று பிரேக் இன்ஸ்பெக்டர் இளைஞர். ஹெரால்டை நேரில் பார்ப்பது முதல் தடவை என்றார். பானட் எங்கே திறக்கும் என்று தேடினார். பாய் இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்து மொத்த முகத்தையும் முன்னால் கவிழ்த்ததும், வரிசையில் நின்ற டாடா ஏஸ்காரர்கள் எல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். எண்ணைப் பார்த்தார், பென்சில் தாளோடு ஒப்பிட்டார், ஜோலார்பேட்டை ஆர்.சி.யைப் புரட்டினார். பிரேக் போட்டுக் காட்டச் சொன்னார். அப்புறம் விளக்கு, ஹாரன், வைப்பர். வைப்பர் ஒரு பக்கம் மட்டும் ஓடியது. சரிசெய்து மறுநாள் காட்டினோம்.

மே மாதம் ஸ்பீட் போஸ்டில் ஆர்.சி. வந்தது. அந்தப் பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் ஆர்.சி.யை நேரில் தருவதில்லை, தபாலில்தான். பெயர் ஆசிரியருடையது, எண் அதே எம்.எஸ்., இன்ஜின் எண் உண்மையானது. நாலு முத்திரைப் புத்தகத்தை என்ன செய்வது என்று கேட்டார். ஃபிரேம் போட்டு மாட்டுங்கள் என்றேன். பூஜை அறையில் வைத்துவிட்டார்கள் என்று கேள்வி.

கோப்பு இன்னும் முழுசாக மூடவில்லை. ஜோலார்பேட்டை வண்டி பதிவேட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வண்டி உடைந்துபோனால் அதன் உரிமையாளர் பதினாலு நாளுக்குள் சொல்லிப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்பது 55-ஆவது பிரிவு. அதன் உரிமையாளர் யார் என்று பார்த்தால், பெயர் மாற்றாமல் ரசீது மட்டும் வாங்கியிருப்பதால், பேப்பரில் இன்னும் அந்தப் பழைய ஜோலார்பேட்டைக்காரர்தான். அந்த ஊர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். அடுத்த வாரம் அங்கே ஒரு லாரி வேலை இருக்கிறது. போகிற வழியில் விசாரிக்க வேண்டும்.